வானம் தோண்டுமுன்

மே 16

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் வாங்கியிருக்கும் மனையைப் பார்க்கப் போனேன். கத்திரி வெயில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பு ஒன்றில் கருவேலங்குச்சியை விட்டுப் பார்த்தேன். முழங்கை ஆழம் தடையில்லாமல் இறங்கியது.

எங்கள் பழைய வீட்டின் நினைவு வந்தது. படுக்கையறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை சாய்வாக ஓடும் விரிசல். பங்குனியில் வாயைத் திறக்கும், ஐப்பசி மழைக்குப் பிறகு மூடிக்கொள்ளும். அம்மா வருடந்தோறும் சிமென்ட் குழைத்து அடைப்பாள். மறுவருடம் அதன் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். கட்டிய கொத்தனாரை அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை. காலுக்குக் கீழே மண்தான் ஏறி இறங்குகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மேஸ்திரி கேட்டார்: “மண்ணப் பாக்க எதுக்கு சார் துட்டு? அஞ்சடி தோண்டி கிராவலப் போட்டு இறுக்கிட்டா நூறு வருசம் நிக்கும்.” அந்த வீட்டைக் கட்டியவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

மே 29

மண்ணைப் பரிசோதிக்க வந்தவர்கள் மூன்றுகால் கம்பம் நட்டுத் துளை போட்டார்கள். 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் இறங்க எத்தனை அடி ஆகிறதென்று எண்ணுகிறார்கள். முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் வராது. அடுத்த 30 சென்டிமீட்டருக்கான எண்ணிக்கைதான் அந்த ஆழத்து மண்ணின் பலம்.

ஒன்றரை மீட்டரில் 28 அடி. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர்களோடு வந்த இன்ஜினியரம்மா தலையாட்டினார்: “இத நம்பாதீங்க சார். இது வெயில் குடுத்த பலம். மழை பெய்யட்டும், இன்னொரு துளை போடுவோம்.” நாலரை மீட்டருக்குக் கீழே சுக்கான்பாறை தட்டுப்பட்டது. 50 அடி அடித்தும் குழாய் முழுதாக இறங்கவில்லை.

ஜூன் 5

ஆய்வகத்தில் பார்த்ததை எழுதாமல் தூங்க முடியாது. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் போட்டிருந்தார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. 24 மணி நேரம் கழித்து அதில் 10 மில்லியாகப் படிந்திருந்த அதே மண், தண்ணீரில் 18 மில்லிக்கு ஏறி நின்றது. 80 சதவீத உப்பல். பாதிக்கு மேல் ஊதினாலே மிக மோசமான வகையாம்.

சின்ன வீடுதானே, கனம் குறைவு, மண் தாங்கிவிடும் என்றே இதுவரை நினைத்திருந்தேன். விஷயம் நேர்மாறு. மண் ஊதும்போது அதை அமுக்கிவைக்கக் கனம் வேண்டும். ஒற்றைமாடி வீட்டைத்தான் அது சுலபமாகத் தூக்கிவிடுகிறது.

ஜூன் 8

பக்கத்துத் தோட்டக் கிணற்றில் டேப்பின் நுனியில் கல்லைக் கட்டி இறக்கினேன். தண்ணீர் 11 மீட்டரில் கிடந்தது. “ஐப்பசி, கார்த்திகையில வந்து பாருங்க தம்பி, வாளிக்கு நாலு முழம் கயிறு போதும்” என்றார் தோட்டக்கார அண்ணாச்சி. நாற்பது வருடமாக இந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் சொன்னதையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு போத்தல் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். சல்பேட் மிகுந்தால் சிமென்டைத் தின்னும், குளோரைடு கம்பியைத் தின்னும்.

நவம்பர் 22

மூன்று நாள் அடைமழை விட்டது. மனைக்குள் பத்தடி நடப்பதற்குள் இரண்டு காலிலும் கரிசல் அப்பிப் பாரமேறிவிட்டது. மே மாதத்து வெடிப்பு ஒன்றுகூட இல்லை. கிணற்றில் தண்ணீர் இரண்டு மீட்டரில். பழைய துளைக்குச் சற்றுத் தள்ளிப் புதிய துளை: ஒன்றரை மீட்டரில் 6 அடி. மே மாதம் 28!

கோடையின் எண்ணை மட்டும் வைத்துக் கடைக்கால் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வெகுநேரம் அங்கேயே நின்றேன். மேஸ்திரியும் வந்து பார்த்தார். இந்த முறை அவர் துட்டைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பர் 30

முடிவாகிவிட்டது. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் குமிழ்போல் விரிந்த பைல். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை. குமிழின் விட்டம் தண்டைப்போல் இரண்டரை மடங்கு. ஊதி இளைக்கும் மேல்மண்ணைத் தாண்டிச் சுக்கானருகே அது உட்கார்ந்துகொள்ளும். மேலே மண் எவ்வளவு இழுத்தாலும் வீட்டை எழும்ப விடாது. பைல்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் சும்மா விடவேண்டும், மண் உப்பிக்கொள்ள. செப்டிக் டேங்க் தூரத்தில். மழைத்தண்ணீர் சுவரடியில் நிற்காதபடி சுற்றிலும் சரிவாகத் தளம். எல்லையில் நிற்கும் வேம்பு கோடையில் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கும் என்பதால் வீட்டைத் தள்ளி வைத்திருக்கிறோம். மரம் இருக்கும்.

அம்மாவுக்குத் தையிலேயே தொடங்க ஆசை. அப்போது கிணறு இறங்கியிருக்காது. துளைக்குள் தண்ணீர் நின்றால் குழாய் வைத்துத்தான் கான்கிரீட்டை அடியிலிருந்து நிரப்ப வேண்டும். பங்குனியில் மனை முகூர்த்தம் ஆகாது என்றாள். சித்திரைக்கு இருவரும் ஒப்புக்கொண்டோம். அதுவரை பதினைந்து நாளைக்கொருமுறை கிணற்றை அளந்து எழுதிவைக்க, அண்ணாச்சி மகளிடம் டேப்பையும் ஒரு நோட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.