இரு பூட்டுகள்

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையவழியானபோது, பேராதனையிலுள்ள எமது இல்லத்திலும் மகளுக்காக ஒரு ரவுட்டர் வாங்கி வைத்தோம். கடவுச்சொல்லும் இட்டோம்; வேறென்ன, எமது தொலைபேசி எண்ணேதான்! ஆயினும் மாதம் பாதியாகுமுன்னரே டேட்டா தீர்ந்துவிடும். பரீட்சைக்கு முந்திய வாரம் விரிவுரையின் நடுவே தொடர்பு அறுந்தது. படம் பார்த்தே தீர்த்துவிட்டாளென மகளைக் கடிந்துகொண்டோம். அவள் ஒன்றும் பேசவில்லை.

அயலிலிருந்த பொறியியல் மாணவர் ஒருவர் வந்து, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தார். எம் வீட்டில் கருவிகள் மூன்று, பட்டியலிலோ ஏழு!

"ஐயா, இதற்குப் பூட்டு இரண்டு. வைஃபைக்கு ஒன்று, இந்தப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டாவது இன்னும் தொழிற்சாலையில் இட்ட 'அட்மின்' தான்" என்றார்.

இரண்டையும் நீண்ட சொற்றொடர்களாக மாற்றினார். 2001 இலேயே உடைபட்ட 'வெப்' முறையைத் தவிர்த்து, 2004 இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 2' முறையைத் தெரிந்தார். பொத்தானை அழுத்தியோ எட்டிலக்க எண்ணாலோ இணைக்கும் 'டபிள்யூ.பி.எஸ்.' வசதியையும் நிறுத்தினார். அவ்வெண்ணை ஊகித்தறியலாமென்பது 2011 இல் வெளிப்பட்டதாம்.

அந்நால்வர் யாரென்று நாம் தேடவில்லை. பூட்டுகளை மாற்றப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. மகளிடம் மன்னிப்புக் கேட்க எமக்கு இரண்டு நாட்கள் சென்றன.