திண்ணையில காய்ஞ்ச காய்

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து சொந்தக்காரர் ஒருத்தர் போன்ல பேசினார். "உங்க ஊர்ல பூனை வளர்க்கிறது சுலபமுங்க, அவுத்து விட்டா அதுபாட்டுக்குத் திரியும்" என்றார். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

எங்க ஊர் மூலனூர்ப் பக்கம். முக்கால் ஏக்கர்ல கண்வலிக்கிழங்கு போட்டிருக்கேன். நீங்க செங்காந்தள்னு படிச்சிருப்பீங்க, நம்ம மாநிலப் பூ. நாங்க வளர்க்கிறது பூவுக்காக இல்லை, காய்க்குள்ள இருக்கிற விதைக்காக. கிழங்கு நட்டு, கம்பியில கொடி ஏத்தி, பூ வந்ததும் காலையில ஒவ்வொரு பூவுக்கும் கையாலயே மகரந்தம் தொட்டு வைக்கணும். அப்பத்தான் காய் நல்லாப் பிடிக்கும். தை மாசம் காயைப் பறிச்சு உலர்த்தி விதை எடுப்போம். அதுல கோல்சிசின்னு ஒரு சத்து இருக்குது. யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்குற நோய்க்கு அதுலதான் மாத்திரை செய்றாங்க. அளவோட இருந்தா மருந்து, மீறினா ஆளையே கொல்லும்.

இது எங்களுக்குத் தெரியாம இல்லைங்க. கிழங்கு தொட்ட கையைக் கழுவாம சோத்துல கை வைக்க எங்கம்மா விட மாட்டாங்க. ஆடு மாட்டைக் கொடி பக்கம் கட்ட மாட்டோம். சின்னப் பிள்ளைகளைக் காய்கிட்ட விட மாட்டோம். பூனையை மட்டும் யாரும் நினைக்கலை. எலி திங்கிற ஜீவன், காயைத் திங்குமா?

அந்தத் தையில பொங்கல் லீவுக்குப் பேத்தி வந்திருந்தா. வீட்டுப் பூனை மூணு குட்டி போட்டிருந்துச்சு. வெள்ளைக் குட்டிக்கு அவ சீனின்னு பேர் வெச்சா. திண்ணையில சாக்கு விரிச்சுக் காய் உலர்த்தியிருந்தேன். காய்ஞ்ச காயைத் தட்டினா சருகு மாதிரி சரசரங்கும், வெடிச்ச காயில இருந்து சிவப்பு சிவப்பா விதை உருளும். குட்டிக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் ஏது?

"அப்புச்சி, சீனி வாயில என்னமோ வெச்சுக் கடிக்குது"ன்னா பேத்தி. போய்ப் பிடுங்கினேன். பாதி மென்ன காய். வீசிட்டு, "ஒண்ணும் ஆகாது கண்ணு"ன்னு சொல்லிட்டுக் காட்டுக்குப் போயிட்டேன்.

சாயந்திரம் வாந்தி எடுத்துச்சு. ராத்திரி வயித்தால போச்சு, ரத்தமும் கலந்து. விடிஞ்சதும் கட்டைப் பையில வெச்சுக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "கடிச்ச உடனே கொண்டு வந்திருக்கணும். இப்ப முறிவு மருந்து எதுவும் என்கிட்ட இல்லைங்க, குளுக்கோஸ் ஏத்திப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். உடம்புல புதுசு புதுசா பெருகுற செல்லை இந்த விஷம் நிறுத்திப் போடுமாம். அதனாலதான் முதல்ல குடல் அடி வாங்குதுன்னு விளக்கினார். மூணாம் நாள் காலையில சீனி எந்திரிக்கலை. தாய்ப்பூனை ரெண்டு நாள் திண்ணையைச் சுத்திச் சுத்திக் கத்திட்டு இருந்துச்சு.

வேப்ப மரத்தடியில புதைச்சேன். பேத்தி அழுகலை. "விஷம்னு உங்களுக்குத் தெரியும்ல அப்புச்சி? அப்புறம் ஏன் திண்ணையில போட்டீங்க?"ன்னு மட்டும் கேட்டா. எனக்கு வாய் வரலை.

வாயில்லா ஜீவனுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு தெரியும்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. ஆடு பெரும்பாலும் அரளியைத் தொடாது, அதைப் பார்த்துப் பார்த்து வந்த பேச்சு அது. ஆனா ஆட்டுக்குத் தழைதான் சோறு. மோந்து பார்த்துத்தான் மேயும். பூனைக்குக் காய் சோறு இல்லை, பந்து. பந்துல விஷம் இருக்கும்னு குட்டிக்கு எப்படித் தெரியும்? அது கடிக்காட்டியும், காலுல ஒட்டினதை நக்கித்தான் சுத்தம் பண்ணும். அப்பவும் வயித்துக்குள்ளதான் போகுது.

பயிரை விட முடியலைங்க. கடன் இருக்குது. ஆனா இப்பக் காய் உலர்த்த ஒரு தனி அறை. ஜன்னலுக்குக் கம்பி வலை, கதவுக்குத் தாழ்ப்பாள். விதை எடுத்த பிறகு தோலைக் குப்பையில கொட்டுறதில்லை, ஆழமாப் புதைக்கிறேன். சிந்தின விதையை அன்னன்னைக்கே கூட்டி எடுத்துடுவோம். பூனை கடிச்சுக்கட்டும்னு வாசல்ல ஒரு சட்டியில அறுகம்புல் வெச்சிருக்கேன்.

நீங்களும் மொட்டை மாடி, பால்கனியை ஒரு சுத்து பாருங்க. அழகுக்குச் செங்காந்தள் வெச்சிருக்கலாம். பொன்னரளிக் காய் இதயத்தைப் பிடிக்கும். ஆமணக்கு விதையும் குன்றிமணியும் மென்னாலே போதும். ஈச்சங்கன்னு மாதிரி தொட்டியில வைக்கிற சைகஸ் செடியோட விதை ஈரலைக் கெடுக்கும். எல்லாத்தையும் வெட்டணும்னு சொல்லலை. காயைப் பிஞ்சுலயே கிள்ளிப் போடுங்க, கீழே விழுந்ததைப் பொறுக்கிடுங்க, குட்டி இருக்கிற வீடுன்னா செடியை வேற இடம் மாத்திடுங்க. கடிச்சதைப் பார்த்துட்டா வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க. உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். கடிச்ச காயையும் ஒரு கவர்ல போட்டுக்கிட்டு நேரா டாக்டர்கிட்டப் போயிடுங்க. நான் காட்டுக்குப் போன அந்த ஒரு பகல்தான் சீனிக்கு இல்லாமப் போச்சு.

இந்தத் தையிலும் பேத்தி வந்தா. கையில பூனையைத் தூக்கிக்கிட்டே திண்ணையை ஒரு பார்வை பார்த்தா, அறைக் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தா. அப்புறம்தான் பூனையைக் கீழே விட்டா.