மீன் படம் போட்ட துண்டு

எங்கள் வீட்டில் ஒரு போர்வை இருக்கிறது. வயது முப்பத்தைந்துக்குக் கிட்ட. அதைப் போர்வை என்று சொல்வது உம்மா மட்டும்தான். என் மனைவிக்கு அது கந்தல் மூட்டை.

1990 ஒக்டோபர் கடைசியில் மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கியபோது எனக்குப் பத்து வயது. வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் விரட்டிய முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் என்று பிற்காலத்தில் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்த கணக்கு வேறு: ஆறு பேர், இரண்டு உடுப்புப் பை, போர்த்த ஒன்றுமில்லை. கிடுகுக் கொட்டிலுக்குள் மணல்தான் தரை. மழைக்காலம் வேறு.

ஊரவர்கள் உடுப்புச் சேர்த்துத் தந்தார்கள். (புத்தளத்து மக்கள் அன்று தந்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு நா வராது.) என் பங்குக்குக் கிடைத்தது, நெஞ்சில் மஞ்சள் மீன் படம் போட்ட ஒரு நீல ரீசேட். சீருடை இல்லாததால் அதையே உடுத்திப் பாடசாலைக்குப் போனேன். ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் வகுப்பு. அகதிப் பிள்ளைகளான எங்களுக்குப் பின்னேரம். அவர்கள் வெளியேறவும் நாங்கள் நுழையவும் ஒரே வாசல். அந்த வாசலில் ஒருவன் என்னை நிறுத்தி, "இது என்ட ரீசேட்" என்றான். விலாப் பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பைக் கூட்டாளிகளுக்குக் காட்டினான். கேலி செய்தான் என்றும் சொல்ல முடியாது. தன் பொருளைக் கண்ட சந்தோசம்தான் அது. எனக்கு அழுகை முட்டியது.

வந்ததும் கழற்றி எறிந்தேன். உம்மா ஏன் என்று கேட்கவில்லை.

கிழிந்ததும் அளவில்லாததுமாக ஒதுங்கிக் கிடந்த ரீசேட்டுகளோடு அதையும் சேர்த்து வெட்டினார். ரீசேட் நெய்த துணியல்ல, பின்னிய துணி. இழுத்த பக்கம் இழுபடும். வெட்டிய விளிம்பு சுருண்டுகொள்ளும். அதனால் பழைய சாரத்தை அடியில் விரித்து, துண்டுகளை அதன்மேல் வைத்து, நூலை இறுக்காமல் ஓட்டத் தையல் போட்டார். சாரம் இழுபடாதல்லவா, ரீசேட்டையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துச் சித்திகளின் கவந்தியும் இப்படிப் பழந்துணியில் பிறந்தவைதான் என்று பின்னர் அறிந்தேன். சித்திப் பெண்கள் விளிம்பில் தொடங்கி நடுவுக்கு வருவார்களாம். உம்மா நடுவிலிருந்து விளிம்புக்குப் போனார். மீன் துண்டு கால்மாட்டுக்கு வந்தது.

இந்த வருடம் மகளுக்கு மனையியல் பாடத்தில் பழந்துணி வேலை. உம்மாவின் போர்வையைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி செய்ய வேண்டுமென்று நின்றாள். வகுப்பில் சொல்லிவைத்தேன். இரண்டு நாளில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் பையோடு வந்தார். அந்த வாசலில் நின்றவர்தான். இன்று சொந்தப் படகு வைத்திருக்கிறார், மகன் என் வகுப்பில் படிக்கிறான்.

"பழசுதான் சேர், குறை நினைக்காதீங்க."

அவருக்கு ஞாபகமில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார்.

உம்மாவுக்கு இப்போது கண் தெளிவில்லை. பையிலிருந்ததை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒன்றில் விரல் நின்றது.

"ஆர்ட வீட்டுது?"

பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நல்ல துணி" என்று மகளிடம் நீட்டினார். "நடுவுல வை."