பந்தயம் முடிந்த பிறகு

கார்ப் பந்தயம் என்றதும் நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுபவை, தரையோடு தரையாகப் படுத்துப் பறக்கும் ஃபார்முலா வண்டிகள்தாம். அமெரிக்காவில், சிறப்பாக அதன் தென் மாநிலங்களில், மக்கள் உயிராய் மதிக்கும் பந்தயம் வேறு. ஸ்டாக் கார் பந்தயம் என்பது அதன் பெயர். கடையில் விற்கும் காரின் சாயலில் கூரையிட்ட கனமான வண்டிகள், பெரும்பாலும் முட்டை வடிவப் பாதையில், இடப்பக்கமே திரும்பித் திரும்பி நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும். 1948இல் பிறந்த நாஸ்கார் என்னும் அமைப்பு இதனை நடத்துகிறது. வண்டியோடு வண்டி உரசுவது இங்கே குற்றமன்று. ஆட்டத்தில் அதுவும் ஒரு பகுதி. எந்த உரசல் தற்செயல், எந்த உரசல் வஞ்சம் என்று பிரித்தறிவதுதான் கடினம். ஆகவே பந்தயம் முடிந்த பிறகும் பலருக்குக் கணக்கு முடிவதில்லை.

விடுதியில் என் அறைத்தோழன் கைபேசியில் இதனை விரும்பிப் பார்ப்பான். அவனுக்கு யார் வென்றார் என்பது முக்கியம். எனக்கோ, வென்றவர் கோப்பையைத் தூக்கும் நேரத்தில் தோற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்பதில்தான் கண். வரலாறு படிப்பவன் ஆதலால், சண்டையிட்டவர் யார், அவருக்கு விதித்த தண்டனை என்ன என்று ஆண்டுவாரியாகக் குறித்து வைக்கும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அந்தக் குறிப்பேட்டை இப்போது புரட்டிப் பார்த்தால், ஓர் இடத்தில் தராசு சாய்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இந்தக் கதையை 1979ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்று. முன்னால் டானி ஆலிசன். அவரை ஒட்டிக் கேல் யார்பரோ. இருவரும் மோதிச் சுவரில் அடித்துப் புல்வெளியில் வந்து விழுந்தார்கள். வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டி வெற்றியைத் தட்டிச் சென்றார். தம்பிக்கு என்ன ஆயிற்றோ என்று வண்டியை நிறுத்தினார் பாபி ஆலிசன். வாய்ச்சண்டை கைச்சண்டையாயிற்று. 500 மைல் பந்தயம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டியது அன்றுதான் முதல் முறை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கடும் பனிப்பொழிவு வேறு. மக்கள் வீட்டுக்குள் முடங்கி, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தார்கள். மூவருக்கும் தலைக்கு 6,000 டாலர் அபராதம் விதித்தது நாஸ்கார். அதே சண்டைதான் இந்தப் பந்தயத்தை நாடறியச் செய்தது என்று இன்றுவரை எழுதுகிறார்கள். பின்னாளில் மூவருமே நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். கடைசியாக 2024இல் டானி. ஒரு கையால் அபராதச் சீட்டையும் மறு கையால் மாலையையும் நீட்டும் இந்த இரட்டை மனம், பின்னால் வந்த தீர்ப்புகள் பலவற்றிலும் தெரிகிறது.

பாதையில் ஓடும்போதே வண்டியால் பழி வாங்குகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சட்டம் ஓரளவு தெளிவடைந்துவிட்டது. 2015இல் மார்ட்டின்ஸ்வில் பந்தயத்தில், ஒன்பது சுற்றுகள் பின்தங்கியிருந்த மேட் கென்செத், முதலிடத்தில் சென்ற ஜோயி லொகானோவை வேண்டுமென்றே சுவரில் மோத வைத்தார். இரண்டு வாரங்களுக்கு முன் கன்சாஸில் பட்ட அடிக்குப் பதிலடி அது. இரண்டு பந்தயங்களில் ஓட்டக்கூடாது என்று தடை விதித்தார்கள். 2022இல் பப்பா வாலஸுக்கும், 2023இல் சேஸ் எலியட்டுக்கும் ஒவ்வொரு பந்தயத் தடை. முன்னே செல்லும் வண்டியின் பின்புற வலது மூலையில் இடித்தால், அது சட்டென்று வலப்பக்கம் திரும்பி, வேகம் குறையாமல் வெளிச்சுவரில் நேருக்கு நேர் மோதும். உயிருக்கு உலை வைக்கும் அடி அது. அதனால்தான் பணத்தோடு நிறுத்தாமல் இருக்கையையே பறித்தார்கள். சரியான தீர்ப்பு என்பேன்.

கொடி அசைத்துப் பந்தயம் முடிந்ததும் நிலைமை வேறு. வேகம் குறைந்துவிடுகிறது, அதனால் ஆபத்தும் குறைந்துவிட்டதாக ஒரு மயக்கம் பிறக்கிறது. உண்மை அதுவன்று. பாதையில் ஓடுகையில் ஒவ்வொருவரும் இரும்புக் கூண்டுக்குள், தலைக்கவசமும் பட்டையும் அணிந்து அமர்ந்திருக்கிறார்கள். முடிந்த பிறகோ பட்டையைக் கழற்றுகிறார்கள், சன்னல் வலையை இறக்குகிறார்கள். டயர் மாற்றும் தொழிலாளர், அதிகாரிகள், படம் பிடிப்போர், குடும்பத்தார் என்று எத்தனையோ பேர் பிட் சாலையில் கால்நடையாக நிற்கிறார்கள். அந்த இடத்தில் நகரும் வண்டி ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஆயுதமன்றோ?

2011 மே மாதம் டார்லிங்டனில் நடந்ததைப் பாருங்கள். பந்தயம் முடிந்து பிட் சாலையில் கைல் புஷ்ஷின் வண்டிக்கு முன்னால் தம் வண்டியை நிறுத்தி இறங்கினார் கெவின் ஹார்விக். சன்னல் வழியே கையை ஓங்கினார். புஷ் வண்டியைக் கிளப்பி, எதிரே ஆளில்லாமல் நின்ற ஹார்விக்கின் வண்டியை முட்டித் தள்ளினார். ஓட்ட ஆளில்லாத அந்த வண்டி உருண்டு போய்ப் பிட் சுவரில் மோதியது. எவர் காலும் அதன் கீழ் அகப்படாதது அன்றைய நல்ல காலம். இருவருக்கும் சமமாக 25,000 டாலர் அபராதம், கண்காணிப்பு வேறு. கையை ஓங்கியதும் ஆளில்லா வண்டியை உருட்டிவிட்டதும் ஒரே எடையா? எனக்கு விளங்கவில்லை.

2014இல் சார்லட்டில் தராசு நிமிர்ந்தது. பந்தயம் முடிந்த பின் பிட் சாலையில் பிராட் கெசலவ்ஸ்கி, பட்டையைக் கழற்றிவிட்டிருந்த கென்செத்தின் வண்டியை இடித்தார். டோனி ஸ்டூவர்ட் தம் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிக் கெசலவ்ஸ்கியை இடித்தார். பிறகு, வழக்கமாக அமைதியே வடிவான கென்செத், லாரிகளுக்கு நடுவே ஓடிப் போய்க் கெசலவ்ஸ்கியின் மேல் பாய்ந்தார். தீர்ப்பு என்ன? கெசலவ்ஸ்கிக்கு 50,000, ஸ்டூவர்ட்டுக்கு 25,000 டாலர். மேலே பாய்ந்த கென்செத்துக்கு ஒன்றுமில்லை. 2017இல் லாஸ் வேகஸ் பிட் சாலையில் புஷ் லொகானோவைக் குத்தியபோதும் ஒருவருக்கும் தண்டனை இல்லை. வண்டியால் செய்தால் குற்றம், கையால் செய்தால் கோபம் என்பதே இதன் பொருள். முரட்டுத்தனமான நீதிதான்; ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது.

2024இல் அந்த ஒழுங்கு குலைந்தது. மே மாதம் நார்த் வில்க்ஸ்பரோவில் இரண்டாம் சுற்றிலேயே புஷ் இடித்து ரிக்கி ஸ்டென்ஹவுஸை வெளியேற்றினார். பந்தயம் நடக்கையில் அந்த மைதானத்தின் நடுப்பகுதியிலிருந்து வெளியே போக வழியில்லை. ஸ்டென்ஹவுஸ் முழுப் பந்தயமும் உள்ளேயே காத்திருந்தார். காத்திருந்தால் கோபம் ஆறும் என்பார்கள். இங்கே 198 சுற்றுகளும் அது கொதித்துக்கொண்டே இருந்தது. முடிந்ததும் புஷ்ஷின் லாரியருகே குத்து விழுந்தது. 75,000 டாலர் அபராதம். நாஸ்காரில் கைச்சண்டைக்காக விதித்த தொகைகளில் மிகப் பெரியது. அவ்வளவு நேரம் காத்திருந்து செய்ததையே அதிகாரிகள் காரணமாகச் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் ரிச்மண்ட் வந்தது. கடைசிச் சுற்றில் ஆஸ்டின் டில்லன், முன்னால் சென்ற லொகானோவை இடித்துத் திருப்பி, அடுத்து டென்னி ஹாம்லினையும் சுவருக்கு அனுப்பி வென்றார். அந்த வெற்றியால் கிடைத்திருக்க வேண்டிய பட்டச் சுற்று உரிமையை நாஸ்கார் பறித்தது. 25 புள்ளிகளும் போயின. வெகுண்டெழுந்த லொகானோ என்ன செய்தார்? பந்தயம் முடிந்தபின் டில்லனின் இடத்துக்கு வண்டியை ஓட்டி வந்து, அவர் குடும்பத்தார் உட்படப் பலர் நின்றிருந்த இடத்தருகே சக்கரங்களைச் சுழலவிட்டுப் புகை கிளப்பினார். சுழலும் சக்கரம் எப்போது பிடி கொள்ளும், வண்டி எந்தப் பக்கம் பாயும் என்று யாரால் சொல்ல முடியும்? அவருக்கு அபராதம் 50,000 டாலர். குத்துக்கு 75,000, கூட்டத்தருகே சுழன்ற சக்கரத்துக்கு 50,000!

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. 2014இல் டெக்சாஸில் ஜெஃப் கார்டனும் கெசலவ்ஸ்கியும் மோதி முகத்தில் இரத்தம் கண்டார்கள். ஓட்டுநர் இருவருக்கும் தண்டனை இல்லை. கைகலப்பில் இறங்கிய குழுத் தொழிலாளர் நால்வருக்குத் தடையும் அபராதமும். வில்க்ஸ்பரோவிலும் ஸ்டென்ஹவுஸ் அடுத்த வாரமே ஓட்டினார். குழுவைச் சேர்ந்த ஒருவர் எட்டுப் பந்தயங்களும் மற்றொருவர் நான்கு பந்தயங்களும் வெளியே நின்றார்கள். மகனுக்காகப் புகுந்த தந்தைக்குக் காலவரையற்ற தடை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஊரில் கேட்பார்கள். கூட்டம் சேர்ந்தால் கலவரமாகும் என்று நாஸ்கார் அஞ்சுவது புரிகிறது. என்றாலும் நட்சத்திரத்துக்குப் பணமும், கூலிக்கு உழைப்பவனுக்கு வேலை இழப்பும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

பந்தயம் முடிந்தபின், ஆட்கள் நடமாடும் இடத்தில் வண்டியை ஆயுதமாக்கினால் ஒரு பந்தயத் தடை. மைதானத்தில் பின்புற மூலையை இடித்தவனுக்கு என்னவோ அதுவே இவனுக்கும். கைச்சண்டைக்கு அபராதத்தை வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். கோடிக்கணக்கில் ஈட்டும் ஓட்டுநர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கையில் உட்காராமல் இருப்பதைப் போல வலிப்பது வேறொன்றுமில்லை. ரிச்மண்டில் புகை கிளப்பிய லொகானோ அந்த 50,000 டாலரைக் கட்டிவிட்டு மறு வாரமும் ஓட்டினார். அதே ஆண்டு நவம்பரில் பீனிக்ஸில் கடைசிப் பந்தயத்தையும் வென்று, ஆண்டின் சாம்பியன் பட்டத்தையும் பெற்றார்.