துரை கொடுத்த கைக்கடிகாரம்

கடந்த மாதம் கொழும்பிலிருந்து நண்பர் ஒருவர் யட்டியாந்தோட்டையிலுள்ள எமது இல்லத்திற்கு வந்திருந்தார். சுழியோடிகளுக்கென அரை நூற்றாண்டுக்கு முன்னர் செய்யப்பட்ட கைக்கடிகாரங்களைத் தேடிச் சேகரிப்பவர் அவர். பேச்சினிடையே அப்பாவின் ஒமேகா சீமாஸ்டர் 300 கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் உற்று நோக்கியவர், "இதன் முகப்புக்குப் புது வர்ணம் பூசியது யார்?" என்று கேட்டார்.

பூசுவித்தவன் நான்தான்.

பிளாங்பேன் நிறுவனத்தின் பிஃப்டி ஃபாதம்ஸ், ரோலெக்ஸின் சப்மரீனர் ஆகியவை 1953ஆம் ஆண்டளவில் உருவானவை. சீமாஸ்டர் 300 1957இல் வந்தது. முகப்பைச் சுற்றியுள்ள திருகு வளையமே இவற்றின் உயிர்நாடி. நீரில் இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், கழிந்த நிமிடங்களை ஒரே பார்வையில் அறியலாம். முதுகில் சுமக்கும் காற்று அளவானது என்பதால் அந்தக் கணக்கு உயிர்க்கணக்கு.

ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய நண்பர் மைக் வில்சன் 1961இல் தென்கடலின் கிரேட் பாசஸ் பாறைத்திட்டருகே வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். அக்காலத்துக் கடல்மோகம் எங்கள் தோட்டத்துப் பெரிய துரையையும் பற்றியிருந்தது. விடுமுறை கிடைத்தால் திருகோணமலைக்குச் சென்றுவிடுவாராம். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது நாட்டைவிட்டுப் புறப்பட்ட அவர், கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பாவிடம் தமது கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. சுவிஸ் கடிகாரம் எங்களைப் போன்றோருக்கு எட்டாக்கனி.

அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. களனி கங்கையில் முழங்காலளவுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனால் யட்டியாந்தோட்டை மழைக்கு அந்தக் கடிகாரம் பொருத்தமாக இருந்தது. இரப்பர் மரத்தின் பட்டை ஈரமாக இருக்கையில் பால் வெட்டினால், பால் சிரட்டையில் சேராது வழிந்து வீணாகும். ஆகவே மழை விட்டதும் வளையத்தைத் திருப்பி வைப்பார். எத்தனை நிமிடம் வெயில் பட்டது என்று பார்த்த பின்னரே பால்வெட்டுக்கு ஆட்களை அனுப்புவார். கடலுக்கடியில் மூச்சை எண்ணவேண்டிய வளையம் எங்கள் மலையில் வெயிலை எண்ணியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பத்திரிகையில் வேலை கிடைத்தது. முதற்சம்பளத்தில் அப்பாவுக்கு ஏதாவது செய்ய விரும்பினேன். கடிகாரத்தின் ஒளிப்பூச்சு பழுப்பேறி, இருளில் மங்கிக் கிடந்தது. முகப்புக்குப் புதுவர்ணம், புதுமுட்கள், உறைக்கு மெருகு என அனைத்தையும் செய்வித்து அவர் கையில் கட்டிவிட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குப்பா. புதுசு மாதிரியே இருக்கு" என்றார்.

சில நாட்களில் அது அலுமாரிக்குள் சென்றது. பத்திரமாக வைத்திருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

அக்காலக் கடிகாரங்களில் பூசப்பட்ட ட்ரிட்டியத்தின் வீரியம் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பாதியாகும் என்று நண்பர் விளக்கினார். ஒளி மங்குவதும் பூச்சு பழுப்பேறுவதும் பழுதல்ல, வயது. சேகரிப்போர் தேடுவதும் அந்தத் தீண்டப்படாத முகப்பையே. வர்ணம் பூசியதும் மதிப்பின் பெரும்பகுதி போய்விடும்.

பணத்தை எண்ணி நான் வருந்தவில்லை. பிறர் எழுத்தைத் திருத்துவதே என் தொழிலாக இருந்திருக்கிறது. எதனைத் திருத்தாமல் விடவேண்டும் என்பதைக் கற்கவே எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அப்பாவின் கடிகாரமோ அதற்கு முன்னரே என் கைக்கு வந்துவிட்டது.

நண்பர் திருப்பிக் கொடுக்கும்போது வளையத்தைச் சுட்டிக்காட்டினார். அதற்கு மாற்று கிடைக்காததால் திருத்துநர் அதனைத் தொடவில்லை. விளிம்பின் ஓரிடத்தில் பற்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. என் பெருவிரலை அங்கே வைத்துப் பார்த்தேன். வெளியே மழை விட்டிருந்தது. வளையத்தைத் திருப்பி வைத்தேன்.