ராஜம் இருந்த மைசூர்

மைசூர் யாதவகிரியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் கட்டிய வீட்டுக்குள் இன்று யார் வேண்டுமானாலும் போகலாம். 2011-இல் இடிக்க ஆள் வந்த வீடு அது. ஊரில் எழுந்த எதிர்ப்பால் தப்பி, மாநகராட்சியின் கைக்கு வந்து, 2016-இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. அவருடைய கோட்டுகளும் கண்ணாடியும் விருதுகளும் உள்ளே இருக்கின்றன. மைசூரை விட்டு வந்த பிறகு, ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த மாடிப்படி ஏறி இறங்குகிறேன். எனக்கு வேண்டியவள் அங்கே இல்லை என்பதும் தெரியும். நாராயணின் மனைவி ராஜம் அந்த வீட்டில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. அந்த வீடு எழும்புவதற்குப் பல வருஷம் முன்பே, 1939 ஜூனில், அவள் போய்விட்டாள்.

அவள், இவள் என்று எழுதுவதைப் பெரியவர்கள் பொறுக்கவேண்டும். வயதுக்கணக்கில் அவர் எனக்குப் பாட்டி. ஆனால் கிடைக்கும் ஏடுகளிலெல்லாம் இருபதை ஒட்டிய வயதிலேயே நிற்கிறாள்.

அவர்களுடைய தாம்பத்தியம் ஐந்தே வருஷம். அதன் சுவடு தேடுகிறவர் முதலில் போகவேண்டியது கோயம்புத்தூருக்கு. 1933-இல் அக்கா வீட்டுக்குப் போன நாராயண், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கவந்த பெண்ணைப் பார்த்தார். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவரோடு சிநேகம் பிடித்து, பிறகு பெண் கேட்டார். ஜாதகம் பொருந்தவில்லை. பிள்ளைக்கு ஏழாம் வீட்டில் செவ்வாய், மனைவிக்கு ஆகாது என்றார்கள். அதையும் மீறி 1934-இல் கல்யாணம் நடந்தது. இவ்வளவும் நாராயண் 1974-இல் வெளியிட்ட 'மை டேஸ்' என்ற தன்வரலாற்றில் இருக்கிறது. அந்தக் குழாயடியில் குடத்தோடு நின்றவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அவள் கைப்பட எழுதிய ஒரு வரியைக்கூட நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மைசூர் லட்சுமிபுரம். கூட்டுக்குடும்பம், நிறைய ஆட்கள், நிரந்தர வருமானமில்லாத கணவன். அவர் அப்போது சென்னையிலிருந்து வந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபர். பிராமணரல்லாதார் இயக்கத்தின் பத்திரிகைக்கு ஓர் ஐயர் பையன் கோர்ட்டிலும் முனிசிபாலிட்டியிலும் சந்தையிலும் அலைந்து செய்தி சேகரித்தார். அச்சான பத்தியை அங்குலக் கணக்கில் அளந்து கூலி கொடுப்பார்கள். 1935-இல் முதல் நாவல் வந்தது. அடுத்து மகள் ஹேமா பிறந்தாள். 1937-இல் நாராயணின் அப்பா காலமானார். அவரோடு அவருடைய வருமானமும் நின்றது. மைசூர் சமஸ்தானத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதும் வேலை சர்க்காரிடமிருந்து வந்தது. அதற்காக ஊர் ஊராகச் சுற்றினார். அப்போதெல்லாம் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தவள் ராஜம். எந்தப் புத்தகம் எந்த வருஷம் அச்சேறியது என்பதெல்லாம் துல்லியமாகக் கிடைக்கிறது. மளிகைக்குப் பணம் போதாத மாதங்களை அவள் எப்படி ஓட்டினாள் என்பது எங்கும் பதிவாகவில்லை.

பிறகு ராஜத்துக்கு டைபாய்டு, அதிலேயே போய்விட்டாள். அந்தக் காய்ச்சலைக் குளோரம்பெனிகால் குணப்படுத்தும் என்று மருத்துவர்கள் கண்டது 1948-இல். அவள் போய் ஒன்பது வருஷம் கழித்து! குடும்பக் கதை தேடுகிறவர்களுக்கு இப்படி ஒரு வருஷக்கணக்கு எங்காவது வந்து நெஞ்சில் முட்டும். அம்மா போனபோது மகளுக்கு மூன்று வயது.

அந்த இழப்பை 1945-இல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலாக்கினார். பெருமளவு தன் சொந்தக் கதைதான் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நாவலில் மனைவியாக வரும் சுசீலா, சிக்கனத்தில் கெட்டிக்காரி. மாதாந்திரச் சாமான் பட்டியல் போடுவாள். புருஷன் ஆசையாக வைத்திருந்த பழைய அலாரம் கடிகாரத்தைப் பழைய பேப்பர்காரனிடம் விற்றுவிடுவாள். அதற்காகச் சண்டை வரும், பேச்சுவார்த்தை நின்றுபோகும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தவிப்பு. நிஜமாகவே ராஜம் ஒரு கடிகாரத்தை விற்றாளா? பட்டியல் எழுதிய கை அவளுடையதா, நாவலாசிரியர் கொடுத்ததா? கணவனின் எழுத்துக்குள் போய்த்தான் மனைவியைத் தேடவேண்டியிருக்கிறது. அந்த எழுத்து அன்பால் நிறைந்தது, சந்தேகமே இல்லை. அவர் மறுமணமும் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அது அவர் கண்ட ராஜம்.

சூசன் ராமும் என். ராமும் எழுதி 1996-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு இந்த வருஷங்களை விரிவாகவே சொல்கிறது. நாராயணின் தாள்கள் அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகம் வரை போய்ப் பத்திரமாக இருக்கின்றன. ராஜத்தைக் கல்யாணப் பதிவேட்டில் தேடலாம் என்றால், 1955-இன் இந்துத் திருமணச் சட்டத்துக்கு முந்தைய தம்பதிகள் அவர்கள். அந்தக் காலத்து வீடுகளில் கல்யாணத்துக்குச் சான்று என்று இருப்பது பெரும்பாலும் மஞ்சள் தடவிய பத்திரிகையும் ஜாதகக் கட்டும்தான்.

இதை நான் ஏன் இப்படித் துருவுகிறேன் என்றால், எங்கள் பாட்டியும் தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள்தான். தாத்தாவின் சர்வீஸ் புத்தகம் எங்களிடம் இருக்கிறது, பென்ஷன் உத்தரவு இருக்கிறது, அவர் கையெழுத்துப் போட்ட வாடகைச் சீட்டுகள் இருக்கின்றன. பாட்டிக்கு ஒரு ரேஷன் கார்டில் பெயரும் வயதும், வயதும் தப்பு. வாசலில் கூடையை இறக்கும் பூக்காரியிடம் மல்லிகைக்குப் பேரம் பேசிப் பேசியே கன்னடம் கற்றுக்கொண்டவள் அவள். பாதி தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிகிற அந்தப் பேச்சை, இப்போது நான் வசிக்கும் சென்னையில் கேட்க வழியில்லை.

ராஜத்தைப் பற்றியும் எனக்கு இந்த மாதிரி விஷயங்கள்தான் வேண்டும். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு ஐந்து வருஷத்தில் எவ்வளவு கன்னடம் வந்திருக்கும்? தேவராஜ மார்க்கெட்டுக்குப் போவாளா, வீட்டு ஆண்கள் வாங்கிவந்ததைச் சமைப்பாளா? தசரா ஊர்வலத்தை யார் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாள்? அவள் அம்மாவுக்குப் போட்ட தபால் கார்டு ஒன்று கோயம்புத்தூரில் ஏதாவது பரணில் கிடந்தால்கூடப் போதும், அடுத்த ரயிலிலேயே கிளம்பிவிடுவேன்.