வாய் வராத நாட்களில்

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது பழைய வழக்கம். கோயிலுக்குக் காணிக்கை. என் மாமியார் அரிசியைப் போடும்போது ஏதோ முணுமுணுப்பார். கல்யாணமாகி வந்து ரொம்ப நாளைக்கு அப்புறம்தான் தெரிந்தது, தினம் ஒரு வீட்டுக்காக அந்த ஜெபம் என்று. திங்கட்கிழமை பெரிய நாத்தனார் வீடு, செவ்வாய்க்கிழமை மதுரையில் இருக்கிற கொழுந்தன் வீடு, இப்படி. முழங்காலில் நிற்க நேரமில்லாத நம்மைப் போன்றவர்களுக்குத் தோதான ஜெபம்தான். குக்கர் சத்தம் போடுவதற்குள் முடிந்துவிடும்!

ஆனால் ஜெபமே வராத காலம் என்று ஒன்று உண்டு, சகோதரிகளே. அதைப் பற்றி நாம் வெளியில் பேசுவதில்லை.

இரண்டாவது பிரசவமாகி ஒரு மாதம் இருக்கும். குழந்தை சுகமாக இருந்தது. பால் இருந்தது. வீட்டில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் எதிலும் பிடிப்பில்லை. ராத்திரி பிள்ளை தூங்கினாலும் நான் தூங்கவில்லை. வேதப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், அர்த்தம் ஏறாது. 'நீ இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கும்' என்று உள்ளே ஒரு குரல். கடவுளைப் பழிக்கிற வார்த்தைகள்கூட மனசுக்குள் வந்தன. அதுதான் எனக்குப் பெரிய பயம். பிள்ளை பார்க்க வந்த ஓர் அம்மாள், "விசுவாசம் குறைஞ்சா இப்படித்தான். மூணு நாள் உபவாசம் இரு" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். பால் கொடுக்கிறவளுக்கு உபவாசம்!

அத்தை அப்படியெல்லாம் சொல்லவில்லை. "ஏ பிள்ள, உனக்கு வாய் வரலேன்னா கிடக்கட்டும். நான் ஜெபிக்கேன். நீ ஆமென் மட்டும் சொல்லு. அதுவும் வரலேன்னா பக்கத்துல சும்மா உக்காந்திரு" என்றார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனதும் அத்தைதான். பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் வருகிற அழுகை பலருக்குத் தானாகவே போய்விடுமாம். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது மனச்சோர்வு என்கிற வியாதி; சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை இருக்கிறது என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். அத்தை அதை வேளை தவறாமல் கையில் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்துபோகும் என்று எண்ணுகிறவர்கள் எங்கள் அத்தையிடம் வந்து பேசிப் பார்க்க வேண்டும்.

அந்த நாட்களில் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு அவர் 'மோட்சப் பிரயாண'த்தைச் சத்தமாக வாசிப்பார். ஜான் பனியன் எழுதி 1678-ல் வெளிவந்த புத்தகம். நம் கரையிருப்பில் 1827-ல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இந்தக் கதையைத் தழுவித்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார், 1894-ல் அச்சாயிற்று. காவியம் என் படிப்புக்கு எட்டாது. வசனக் கதையே போதும்.

அதில் கிறிஸ்தியான் மரண நிழலின் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறான். வழி ஒடுங்கினது, ஒரே இருட்டு. அதுவரை கை கொடுத்த பட்டயம் அங்கே பயன்படவில்லை. அதை உறையில் போட்டுவிட்டு ஜெபம் என்ற ஆயுதத்தை எடுக்கிறான். அப்போது துர்ஆவி ஒன்று பின்னால் ஒட்டி வந்து, அவன் காதில் கடவுளைப் பழிக்கும் வார்த்தைகளை மெல்ல ஓதுகிறது. பாவம், அது தன் மனசிலிருந்தே வருகிறது என்று நினைத்து அவன் நொந்துபோகிறான். தன் குரல் எது, அந்நியக் குரல் எது என்று பிரித்தறியத் தெரியவில்லை.

இந்த இடத்தில் அத்தையை நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னேன். முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆன புத்தகத்தில் என்னை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி அந்தக் குரல் வந்தபோது, 'இது நான் இல்லை' என்று சொல்ல முடிந்தது. "ஆண்டவரே, இது நான் இல்லை." பல வாரங்களுக்குப் பிறகு நானாகச் சொன்ன ஜெபம் அவ்வளவுதான். முழுக்கத் தெளிய இன்னும் ஐந்தாறு மாதம் பிடித்தது.

ஜெபித்தால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சிலர் அடித்துப் பேசும்போது எனக்கு டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் நினைவு வரும். அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர். சிறுமியாக இருக்கையில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தார். விடிந்ததும் கண்ணாடியில் அதே பழுப்புக் கண். பின்னாளில் திருநெல்வேலிச் சீமையில் புடவை கட்டி நடக்க அந்தக் கண்தான் பொருத்தமாக இருந்தது என்பார்கள். 1901 மார்ச்சில், தாமிரபரணிப் பக்கத்துப் பண்ணைவிளையில், கோயிலுக்கு விடப்பட்டிருந்த பிரீனா என்ற சிறுமி அவரிடம் தஞ்சம் புகுந்தாள். அதிலிருந்து வளர்ந்ததுதான் டோனாவூர்ப் பிள்ளைகள் இல்லம்.

1931 அக்டோபர் 24-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அம்மையாருக்குக் கால் முறிந்தது. டோனாவூரே கூடி ஜெபித்தது. ஆனால் பழைய சுகம் திரும்பவில்லை. 1951 ஜனவரியில் கண் மூடும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தது. நோயாளிகளுக்கென்று வருகிற ஆறுதல் புத்தகங்கள் எல்லாம் திடகாத்திரமானவர்கள் எழுதியவை என்று அவருக்குச் சலிப்பாம். நோவில் கிடந்தபடியே நோயாளிகளுக்காகத் தாமே எழுதினார். 1933-ல் அது ஆங்கிலத்தில் புத்தகமாயிற்று. அந்தச் சலிப்பைக் கேள்விப்பட்டபோது எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போயிற்று. உபவாசம் இருக்கச் சொன்ன அம்மாளை நினைத்துக்கொண்டேன் என்று சொல்லவும் வேண்டுமா!

கல்லறையில் தம் பெயர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டிதான் அங்கே இருக்கிறது.

இப்போது எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், "தூக்கம் வருதா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வசனம் சொல்வதெல்லாம் பிறகு. பதில் இழுத்தால் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "ஒரு மணி நேரம் கண் அயரு, நான் பார்த்துக்கிடுதேன்" என்று உள்ளே அனுப்பிவிடுவேன். அவள் தூங்குகிற நேரத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவளுக்காக ஜெபிப்பேன். எழுந்து வந்ததும் டாக்டரம்மாவின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு வருவேன்.